பட்டத்தின் முச்சையும் பலகை விமானமும்

பறப்பதைக் கண்டால் நிமிர்ந்து பாராத பிள்ளை எந்த வீட்டிலும் இல்லை. பட்டமாயினும் சரி, பருந்தாயினும் சரி, இரத்மலானையில் இறங்கப் போகும் விமானமாயினும் சரி, பம்பலப்பிட்டி மாடிவீடுகளின் பலகணிகளில் உடனே இளந்தலைகள் சில நீளக் காணலாம். இந்த ஆசையைக் கைத்தொழிலாக மாற்றிக்கொள்ளும் வழியொன்றைப் பற்றி இவ்வாரம் எழுதலாமென எண்ணினோம். பிள்ளைகள் ‘றிமோட் பிளேன்’ என்று சொல்லும் சிறு விமானத்தை வீட்டிலேயே செய்வதெவ்வாறு என்பதும், செய்தபின் அதனைத் திருத்தியமைப்பதில் எத்துணை அவதானம் வேண்டும் என்பதுமே விடயம்.

இதற்கு வேண்டிய முதற்பொருள் புத்தகக் கடைகளிற் கிடைக்கும் ‘போம் போர்ட்’ பலகை. பாடசாலைக் கண்காட்சிகளிலே படங்களை ஒட்டி நிறுத்துகிறார்களே, அதுதான். இரண்டு தாள்களுக்கிடையே ரெஜிபோம் போன்ற இலேசான நுரைப்பொருளை வைத்து ஒட்டியது. கனம் 5 மில்லிமீற்றர். ஒரு பக்கத்துத் தாளையும் நடுவிலுள்ள நுரையையும் கூரிய அலகினால் கீறி, மறுபக்கத்துத் தாளை வெட்டாது விட்டால், அத்தாளே கீலாகிவிடும். இவ்வாறு மடித்தே உடலைப் பெட்டிபோல் அமைக்கலாம். இறக்கையை முன்விளிம்பில் மடித்து மேற்புறம் சற்றே வளையச் செய்யலாம். ஒட்டுவதற்குச் சூட்டுப்பசை நல்லது. உடனொட்டும் ‘சுப்பர் குளூ’ நுரையைக் கரைத்து உண்டுவிடும், அதனை அணுகவிடலாகாது. கடற்காற்றின் ஈரம் தாளை ஊதச் செய்யுமாதலால், இறக்கையின் முன்விளிம்பில் ஒட்டுநாடா சுற்றுவது நம் பகுதிக்கு அவசியம்.

மோட்டார், அதன் வேகத்தை ஆளும் கருவி, வாலின் மடல்களை அசைக்கும் சிறு சேர்வோ மோட்டார்கள் இரண்டு, லித்தியம் பொலிமர் பற்றறி, செய்தியை அனுப்பவும் வாங்கவும் கருவிகள் ஆகியவற்றைக் காசு கொடுத்தே வாங்கவேண்டும். 2022 ஆம் ஆண்டின் நெருக்கடியில் இறக்குமதிப் பொருள்களின் விலை எவ்வாறு ஏறியதென்பதைக் குடும்பத்தலைவர்களுக்கு நாம் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் பலகை உடைந்தாலும் இந்தக் கருவிகள் பெரும்பாலும் தப்பிவிடும். அடுத்த விமானத்துக்கும் அவையே உதவும்.

இனி, பயிற்சி விமானம் என்றால் யாது? ஓட்டுபவனுடைய பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் விமானம் என்பதே அதன் இலக்கணம். அதற்காக அதனுடைய அமைப்பில் இரண்டு உபாயங்கள் உள்ளன.

முதலாவது, இறக்கைகள் நேர்கோடாக இராது, நுனிகள் உயர்ந்து ஆழமற்ற ‘வி’ எழுத்தைப்போல் இருத்தல். நுனிக்கு நுனி 1 மீற்றர் நீளமான இறக்கையில் ஒவ்வொரு நுனியும் 4 சென்ரிமீற்றர் அளவு உயர்ந்திருந்தாற் போதும். விமானம் ஒரு பக்கம் சாயும்போது அப்பக்கமாகவே வழுக்கிச் செல்கின்றது. அப்போது தாழ்ந்த இறக்கை காற்றைக் கூடிய கோணத்தில் எதிர்கொள்வதால் கூடிய தூக்குவிசை பெற்று, தானே எழுந்து சமநிலைக்கு வருகின்றது.

இரண்டாவது, பாரத்தின் மையம். 20 சென்ரிமீற்றர் அகலமான இறக்கையெனில், முன்விளிம்பிலிருந்து 5 முதல் 6 சென்ரிமீற்றருக்குள் இரு விரல்களால் தாங்கிப் பிடிக்கும்போது விமானம் கிடையாக நிற்கவேண்டும். மூக்கு மேலே எழுந்தால் வாலிற் படும் காற்று வாலை உயர்த்தி மூக்கைத் தாழ்த்தும். பாரம் பின்னே போகப்போக வாலின் இந்தப் பிடி தளர்ந்துவிடும். மூக்குப் பாரித்த விமானம் மந்தமாகப் பறக்கும். வால் பாரித்ததோ ஒருமுறை மட்டுமே பறக்கும் என்பது இத்துறையிற் பழகியோர் சொல்லும் வழக்கு.

இதனை எடுத்துக் காட்டுதற்கு நாம் நேரிற் கண்ட ஒரு சம்பவத்தைச் சொல்லுதல் தகும். நமது அயல்வீட்டு மாணவன் ஒருவன் உயர்தர வகுப்பிற் கற்பவன். அரை கிலோ நிறையுள்ள பலகை விமானமொன்றைச் செய்து, நகருக்கு வெளியே உரிய அனுமதியுள்ள வெளியொன்றில் இரண்டு மாதமாகப் பறக்கவிட்டு வந்தான். அது சாதுவான பசுப்போலப் பறந்தது. அந்தச் சாதுத்தனமே அவனுக்குச் சலித்துவிட்டது. ஒரு விடுமுறையில் இறக்கைகளை நேர்கோடாக்கினான். அவற்றின் பின்னோரத்தில் மடல்கள் வெட்டினான். பெரிய மோட்டார் பூட்டினான். அதற்கேற்ற பெரிய பற்றறியை மூக்கில் இடமின்மையால் இறக்கைக்குப் பின்னே வைத்தான். நிறை 800 கிராமாயிற்று. கையிலிருந்து விடுபட்ட விமானம் செங்குத்தாக மூக்கை உயர்த்தியது. ஒரு கணம் நின்றது. பின்பு தலைகீழாக வந்து தரையைக் குத்தியது. இரண்டு மாத உழைப்பு மூன்று விநாடியில் முடிந்தது.

அன்றிரவு அவன் உடைந்த பலகைகளைக் குப்பைப் பைக்குள் அடைத்துக்கொண்டிருந்தான். பரீட்சை நெருங்கும் காலத்தில் இந்த விளையாட்டெதற்கென்று அதுவரை கடிந்துவந்தவர் அவனுடைய தகப்பனார். வடமராட்சியிற் பிறந்தவர், தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் பட்டங்களைக் கண்டு வளர்ந்தவர், தாமும் கொக்குப்பட்டம் கட்டி, விண் பூட்டி ஏற்றியவர். அவர் அந்தப் பையிலிருந்து விமானத்தின் உடலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, இதற்கு முச்சை எங்கே?” என்று கேட்டார்.

“அப்பா, பட்டத்துக்குத்தான் முச்சை. இதற்கு நூலே இல்லையே” என்றான் மகன்.

“நூல் இல்லாவிட்டாலும் முச்சை இருக்கத்தான் வேண்டும். முச்சை முடிச்சு ஒரு விரற்கடை இடம்மாறினால் பட்டம் குத்தும், அல்லது ஏறாது. நீ பாரத்தை ஒரு சாண் பின்னுக்குக் கொண்டுபோயிருக்கிறாய். அதோடு நான்கு காரியங்களை ஒரே நாளிற் செய்திருக்கிறாய். எது குத்தவைத்ததென்று இனி எப்படிக் கண்டுபிடிப்பாய்?”

மகன் விடை சொல்லவில்லை. ஆனால் குப்பைப் பை மறுநாட் காலையிலும் வீட்டினுள்ளேயே இருந்தது.

தகப்பனார் சொன்னது வெறும் உவமையன்று. 1804 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே சேர் ஜோர்ஜ் கெய்லி என்பவர் முதன்முதல் மாதிரி மிதப்பு விமானம் ஒன்றைச் செய்தபோது, இறக்கைக்காக அவர் கம்பொன்றிற் பொருத்தியது ஒரு பட்டத்தையேயாம். பின்னே திருப்பத்தக்க வாலொன்றையும், பாரமையத்தை மாற்றுதற்கு நகர்த்தத்தக்க பாரமொன்றையும் அவர் அமைத்தார். இன்றைய விமானத்தின் வடிவம் அங்கேதான் தொடங்குகின்றது. பட்டத்தின் நூலையும் முச்சையையும் நீக்கியவர், அவற்றின் வேலையைப் பாரத்துக்கும் வாலுக்கும் ஒப்படைத்தார்.

மாணவர்கள் ஒரு கணக்கையும் கவனிக்கவேண்டும். மேலே சொன்ன அளவுள்ள இறக்கை 500 கிராமைத் தாங்கி நிற்பதற்கு மணிக்கு ஏறத்தாழ 23 கிலோமீற்றர் வேகம் போதும். சைக்கிளில் விரைந்து செல்பவனுடைய வேகம் அது. 800 கிராமானால் ஏறத்தாழ 29 கிலோமீற்றர் வேண்டும். நிறையும் கூடி, வேகமும் கூடுவதால், அந்த வேகத்தில் மோதும்போது வெளிப்படும் சக்தி இரண்டரை மடங்காகின்றது. 300 கிராம் தானே என்று எண்ணியது இவ்வளவு பெரிய வேற்றுமையைச் செய்கின்றது.

ஆகவே திருத்தவே கூடாதா? நன்றாகத் திருத்தலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்று. ஒவ்வொரு மாற்றமும் எதைத் தருகின்றது, எதைப் பறிக்கின்றது என்று ஒரு கொப்பியில் எழுதி வைக்கவேண்டும். சில்லுப் பூட்டினால் தரையிலிருந்து ஓடி எழலாம். நிறையும் காற்றுத்தடையும் கூடும். இறக்கை மடல்கள் வைத்தால் விரைந்து சாய்ந்து திரும்பலாம். ஆனால் இறக்கையை நேராக்கிவிட்டால் தானே நிமிரும் குணம் குன்றும். எனவே முதலில் நுனிகளின் உயர்வைக் குறையாது மடல்களை மட்டும் பொருத்தி, கை பழகியபின் உயர்வைச் சிறிது சிறிதாகக் குறைப்பது நன்று. எதனை மாற்றினாலும் பாரமையத்தை மீண்டும் விரல்களால் தாங்கிப் பார்ப்பது தவறாத விதி.

மோட்டாரை இயக்குமுன், புல்தரையில் எதிர்காற்றில் மெல்ல எறிந்து பார்க்கவேண்டும். மூக்கை உயர்த்தித் தயங்கி விழுந்தால் மூக்கில் ஒரு நாணயத்தை ஒட்டுக. நேரே குத்தினால் பற்றறியைச் சற்றே பின்னுக்கு நகர்த்துக. விமானம் நம்மை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறித் தோன்றும். அவ்வேளை எந்த இறக்கை தாழ்ந்திருக்கின்றதோ அந்தப் பக்கமாகவே பிடியைத் தள்ளினால் அது நிமிரும்.

பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை. பம்பலப்பிட்டியில் கடற்கரையை ஒட்டிப் புகையிரதப் பாதையும் அதனருகே மரைன் டிரைவ் வீதியும் செல்கின்றன. இரத்மலானை விமான நிலையமோ ஏறக்குறைய 8 கிலோமீற்றர் தூரத்திலேயே இருக்கின்றது. 1935 ஆம் ஆண்டு நவம்பர் 27 ஆந் திகதி சென்னைப் பறப்புக் கழகத்தின் விமானமொன்று முதன்முதல் வந்திறங்கிய அந்நிலையம் இன்றும் இயங்குகின்றது. மனிதர் செல்லும் வானத்தில் விளையாட்டு விமானத்துக்கு இடமில்லை. ஆளில்லாது பறப்பவற்றுக்கு இலங்கை சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகள் உள்ளன. அவற்றை அறிந்து, அனுமதி பெற்ற வெளியிலேயே பறக்கவிடல் வேண்டும். லித்தியம் பற்றறியைக் கண்பார்வையில் வைத்தே மின்னேற்றுக, வீங்கியதை உபயோகியாதீர்கள். கருவிகள் வாங்க வசதியில்லையெனில் வருந்தவேண்டாம். மோட்டாரும் றிமோட்டும் இல்லாத பலகை மிதப்பு விமானமொன்றைப் பாடசாலை மைதானத்தில் எறிந்தே, மேலே சொன்னவற்றுட் பெரும்பாலானவற்றைக் கற்றுவிடலாம்.

நமது அயல்வீட்டு விமானம் மூன்று வாரத்தில் மீண்டும் எழுந்தது. பழைய சிறிய மோட்டார், பழைய உயர்ந்த நுனிகள், புதிதாக இறக்கை மடல்கள் மட்டும். அதனைக் கையில் ஏந்தி எதிர்காற்று நோக்கி எறிந்தவர் தகப்பனார். எறியுமுன் இரு விரல்களால் இறக்கையைத் தாங்கி, அது கிடையாக நிற்பதை ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொண்டார். முச்சை சரியாக இருந்தது.