ஆயிரம் ரூபா நாட்சம்பளம் குறித்துச் சமர்ப்பிக்கப்படும் மகஜர்

2020 டிசெம்பர் 14

அனுப்புநர்: செயலாளர், தோட்டத் தொழிலாளர் நலன்புரிச் சங்கம், நுவரெலியா மாவட்டம்.

பெறுநர்: தொழில் விவகாரங்களுக்கும் பெருந்தோட்டங்களுக்கும் பொறுப்பான அரச உயரதிகாரிகள்.

பிரதி: ஆட்சியில் பங்காளியாக வீற்றிருக்கும் மலையகக் கட்சியின் பிரதிநிதிகள்.



கொழுந்து பறிப்போரும் கவ்வாத்து வெட்டுவோரும் தொழிற்சாலையில் உழைப்போருமாகிய எமது அங்கத்தவர்களின் சார்பில், பொதுக்கூட்டத் தீர்மானத்தின்படி இம்மகஜரைச் சமர்ப்பிக்கின்றோம்.

முன்னைய கடிதங்கள்

இம்மகஜரில் கூறப்படும் விஷயங்களுள் பெரும்பாலானவை முன்னரே எழுதப்பட்டவை. அவற்றுக்குப் பதில் கிடைத்திருப்பின் மீண்டும் எழுதும் சிரமம் எமக்கும், மீண்டும் வாசிக்கும் சிரமம் தங்களுக்கும் நேர்ந்திராது.

2019 பெப்ரவரியில் எழுதிய கடிதத்தில், அதற்கு முந்திய மாதம் கைச்சாத்தான கூட்டு ஒப்பந்தத்தின் கணக்கை விவரித்திருந்தோம். 2016 ஒக்டோபர் ஒப்பந்தப்படி அடிப்படைச் சம்பளம் 500 ரூபா. வரவுக்கான படி 60, உற்பத்தித்திறன் படி 140, விலைப் பங்கு 30 ஆகியவற்றைச் சேர்க்க, எல்லாப் படியும் பெற்ற ஒருவரின் நாட்சம்பளம் 730 ரூபாவாயிற்று. புதிய ஒப்பந்தம் அடிப்படையை 700 ஆக உயர்த்தி, வரவுப் படியையும் உற்பத்தித்திறன் படியையும் நீக்கி, விலைப் பங்கை 50 ஆக்கியது, கூட்டினால் 750. ஆயிரம் ரூபா கேட்டுக் கொழும்புக் காலிமுகத்திடல் வரை இளைஞர்கள் கறுப்புடை அணிந்து சென்ற கிளர்ச்சியின் பின்னர் கிடைத்த உயர்வு 20 ரூபா. அதிலும், ஊழியர் சேமலாப நிதிக்கு நாம் செலுத்தும் 8 வீதம், 500 ரூபாவுக்கு 40 ஆக இருந்தது 700க்கு 56 ஆக ஏறியமையால், அன்றாடம் கைக்கு வந்தது இன்னும் சொற்பம். தொழில்தருநரின் பங்கும் அதற்கேற்ப உயர்ந்ததென்பதை நாம் மறைக்கவில்லை; ஆயினும் அது முதுமையில் கிடைக்கும் பணமேயன்றி, இன்று அரிசி வாங்க உதவும் பணமன்று.

அக்காலத்து ஆட்சியில் பங்காளிகளாயிருந்த மலையகப் பிரதிநிதிகள், அரசாங்கத்தின் கணக்கில் நாளொன்றுக்கு மேலும் 50 ரூபா பெற்றுத் தருவதாக வாக்குறுதி அளித்தனர். அப்பணம் எங்கே என வினவிப் பின்னர் எழுதிய கடிதமொன்றும் உண்டு. பணமும் வரவில்லை, பதிலும் வரவில்லை, அவ்வாட்சியும் போயிற்று.

2020 ஜனவரியில், மார்ச் 1 முதல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபா ஆக்கப்படும் என ஜனாதிபதியின் பணிப்புரை வெளியானபோது நன்றி தெரிவித்துக் கடிதம் எழுதினோம். எமது கடிதங்களுள் பதில் பெற்றது அதுவொன்றே. மார்ச் பிறந்தது, ஊரடங்கும் பிறந்தது, நாடு முழுவதும் வீட்டிலிருந்த அந்நாட்களிலும், ஏற்றுமதி தடைப்படலாகாது என்னும் காரணத்தால் தேயிலைத் தோட்டங்கள் இயங்க அனுமதிக்கப்பட்டு, எமது பெண்கள் மலையேறிக் கொழுந்து பறித்தனர். ஆயிரம் ரூபா மட்டும் இயங்கவில்லை.

பிரதான கோரிக்கை

இவ்வாண்டு ஒகஸ்ட் பொதுத் தேர்தலில், இன்று ஆட்சியின் பங்காளியாக விளங்கும் கட்சி இதே ஆயிரம் ரூபாவை முன்வைத்தே எம்மிடம் வாக்குக் கேட்டது. நாம் வாக்களித்தோம். நவம்பர் 17 ஆம் திகதி வரவு செலவுத் திட்ட உரையில், எதிர்வரும் ஜனவரி முதல் அச்சம்பளம் வழங்கப்படும் எனப் பிரதமர் அறிவித்துள்ளார். மார்ச் என்று சொல்லி மார்ச்சைக் கடந்தவர்கள், ஜனவரி என்று சொல்லும்போது எமது ஜனங்கள் நாட்காட்டியைப் பார்ப்பதில்லை. சொன்னவர்களின் முகத்தையே பார்க்கின்றனர். மாலையில் கொழுந்து நிறுக்கும் இடத்திலும், கோயில் திருவிழாக் கூட்டத்திலும், அக்கட்சியின் பெயரைச் சொன்னால் எழும் கோபத்தைச் செயலாளனாகிய யான் வார்த்தைகளில் தணித்தே இங்கு எழுதுகிறேன். தொழிற்சங்கச் சந்தாவை நிறுத்துவதற்கு வழி கேட்டு வருவோர் பெருகியுள்ளனர். தலைமுறை தலைமுறையாக ஒரே சின்னத்துக்கு வாக்களித்த குடும்பங்களும் அவர்களுள் உண்டு.

அக்கட்சியின் பிரதிநிதிகளிடம் வினவினால், தோட்டக் கம்பனிகள் இணங்கவில்லை என்பதே விடையாகக் கிடைக்கின்றது. தங்கள் கவனத்துக்கு நாம் விசேஷமாகக் கொண்டுவர விரும்புவது இதுவே: கம்பனிகளின் இணக்கம் தேவைப்படுவது கூட்டு ஒப்பந்தத்துக்கு மட்டுமேயன்றி, சட்டத்துக்கு அன்று.

1941 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சம்பள நிர்ணய சபைகள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையிலுள்ளது. அதன் கீழ்த் தேயிலைத் தொழிலுக்கெனத் தனிச் சபையும் உண்டு. தொழில்தருநரின் பிரதிநிதிகளும் தொழிலாளரின் பிரதிநிதிகளும் சம எண்ணிக்கையில் அமரும் அச்சபையில், அமைச்சர் நியமிக்கும் அங்கத்தவர்களும் அமர்கின்றனர். இரு தரப்பும் இணங்காதவிடத்துத் தராசைச் சாய்க்கும் வாக்கு அரசாங்கம் நியமித்தோரின் கையிலேயே இருக்கின்றது. அச்சபை தீர்மானித்து, ஆட்சேபங்களைக் கேட்டு, அமைச்சரின் அங்கீகாரத்துடன் வர்த்தமானியில் பிரசுரித்துவிட்டால், அத்தொகைக்குக் குறைவாகச் சம்பளம் கொடுப்பது குற்றமாகும். ஆகவே, வாக்குறுதி அளித்த கட்சி அமர்ந்திருக்கும் அரசாங்கத்துக்கே அவ்வாக்குறுதியை நிறைவேற்றும் அதிகாரமும் இருக்கையில், கம்பனிகளின் பெயரைச் சொல்லிக் காலம் கடத்துவதை இயலாமை என ஏற்க எம்மால் முடியவில்லை. அது மனமின்மையாகும்.

ஆட்சியில் இருப்பதால் கைகள் கட்டுண்டுள்ளன என்று கூறுவோருக்கு ஒரு விடயத்தை நினைவூட்டுவோம். 1984 ஏப்ரலில் தோட்டத் தொழிற்சங்கங்கள் கூட்டாக வேலைநிறுத்தம் செய்து ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் பெற்றபோது, அப்போராட்டத்தின் முன்னணியில் நின்ற தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் அன்றைய அமைச்சரவையில் அமைச்சராகவே இருந்தார்.

உற்பத்திச் செலவு மிகுதி, உலகச் சந்தையில் விலை நிலையற்றது எனக் கம்பனிகள் கூறுவதை நாம் முற்றாகப் பொய்யென்று சொல்லவில்லை. அதனைச் சொல்ல வேண்டிய இடமும் அச்சபையே. அங்கே கணக்குகளை முன்வைத்து வாதிடட்டும். சபையைக் கூட்டாமல் வைத்திருப்பதனால் அவர்களுடைய வாதம் பரிசீலிக்கப்படவுமில்லை. எமது பசி தீரவுமில்லை.

ஆதலால் பின்வருவனவற்றைக் கோருகின்றோம்:

(அ) தேயிலைத் தொழிலுக்கான சம்பள நிர்ணய சபையை உடனே கூட்டி, ஆயிரம் ரூபாவை ஆகக் குறைந்த நாட்சம்பளமாக நிர்ணயித்து வர்த்தமானியில் பிரசுரித்தல் வேண்டும்.

(ஆ) தொழில்தருநர் செலுத்தும் சேமலாப நிதி, நம்பிக்கை நிதிப் பங்குகளை அவ்வாயிரத்துள் அடக்கிக் கணக்குக் காட்டலாகாது.

(இ) சம்பளம் உயர்ந்தவுடன் பறிக்க வேண்டிய கொழுந்தின் கிலோவையும் தோட்ட நிர்வாகம் தன்னிச்சையாக உயர்த்தி, அதனை எட்டாதவர்களுக்கு அரைப்பேர் (அரைநாட் சம்பளம்) போடும் வழக்கம் தடுக்கப்படல் வேண்டும். முழு நாளும் மலையில் நின்றவளுக்கு அரைப்பேர் விழுமாயின், ஆயிரம் ரூபா ஐந்நூறாகவே அவள் கைக்கு வரும். வாக்குறுதியும் பாதியே நிறைவேறியதாகும்.

ஏனைய கோரிக்கைகள்

2. லயன் அறைகளின் பழுதுற்ற கூரைத் தகரங்கள் மழைக்காலத்துக்கு முன்னர் மாற்றப்படல் வேண்டும்.

3. தனி வீட்டுக்கென வழங்கப்படும் 7 பேர்ச் காணிக்குச் சட்டபூர்வமான உறுதி கையளிக்கப்படல் வேண்டும்.

4. கொழுந்து நிறுக்கையில் சாக்கு எனவும் ஈரம் எனவும் கூறிக் கழிக்கும் நிறைக்கு ஒழுங்குவிதி வகுத்தல் வேண்டும்.

5. மலைகளில் வேலை செய்யும் பெண்களுக்கு மலசலகூட வசதி செய்து கொடுத்தல் வேண்டும்.

6. சேமலாப நிதிக் கூற்றுகள் தமிழில் அனுப்பப்படல் வேண்டும்.

7. சங்கங்களின் கடிதங்கள் கிடைத்தமைக்கேனும் பதில் அனுப்பும் வழக்கம் ஏற்படுத்தப்படல் வேண்டும்.

இவற்றுள் 2 முதல் 7 வரையானவை தாமதமாயினும் பொறுப்போம். முதற் கோரிக்கைக்கு ஜனவரி முதலாந் திகதி என்னும் தவணையை விதித்தவர்கள் நாமல்லர்; அரசாங்கமே அதனை விதித்தது. அத்தவணைக்குள் சபையைக் கூட்டி, எடுத்த நடவடிக்கையை எழுத்து மூலம் அறிவிக்குமாறு தங்களைப் பணிவுடனும் உறுதியுடனும் வேண்டிக்கொள்கின்றோம்.

இங்ஙனம்,
செயலாளர்
(நிர்வாக சபைக்காக)