நிலமளந்த சங்கிலியும் நெளிந்த வட்டமும்

வெயில் ஏறினால் உருக்குச் சங்கிலி நீளும். சங்கிலி நீண்டால், அளந்த நிலம் கணக்கிற் குறையும். 1802இல் சென்னைப் பரங்கிமலையருகே ஏழரை மைல் அடிக்கோட்டை அளந்த வில்லியம் லாம்ப்டன் இதனை நன்கறிவார். நூறடிச் சங்கிலியைப் பெட்டிகளிற் கிடத்தி, கூடார நிழலில் வைத்து, வெப்பமானி பார்த்துத் திருத்தம் செய்தார். 57 நாட்கள் சென்றன. அதன்பின் சங்கிலிக்கு வேலை குறைவு. ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்றைய பக்கங்களைக் கணக்கே சொல்லிவிடும். மாணவர் கேத்திரகணிதத்திற் படித்ததுதான்.

கோணமளந்த தியோடலைற்றோ அரைத் தொன் நிறை. 1808இல் அதனைத் தஞ்சைப் பெருங்கோயில் உச்சிக்கு ஏற்றினார்கள். (கோயிலுச்சி ஏனென்பீர்கள். சமவெளியில் தூரத்துக் குறிகளைக் காண வேறு உயரமேது?) கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, மூன்றடி வட்டம் நெளிந்துபோயிற்று. இங்கிலாந்திலிருந்து வேறொன்று தருவிப்பதானால் கடல்வழியே பல மாதங்கள் செல்லும். அதுவரை வேலை நிற்கும்.

லாம்ப்டன் கூடாரத்துள் புகுந்தார். தலைமைக் கம்மியரையன்றி எவரையும் உள்ளே விடவில்லை. பலகையிற் சரியான வட்டத்தை வரைந்து, ஆப்பும் திருகாணியும் கப்பியும் கொண்டு நெளிவை இம்மியிம்மியாக இழுத்தெடுத்தார். ஆறு வாரங்களில் வட்டம் ஏறக்குறையப் பழைய வடிவுக்கு வந்தது. அளவையும் மீண்டும் தொடங்கிற்று.