பழைய புரோகிராமைக் கலைக்கும் முன் ஒரு நிமிடம்

இது நீளமான பதிவு. கொஞ்சம் கோபமான பதிவும்கூட.

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். அழாத குறைதான். அவள் வேலை பார்க்கும் இடத்தில் ஒரு பழைய ஃபோர்ட்ரான் புரோகிராம் நாற்பது வருடமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. புதிதாக வந்த மேலாளர், "பழைய வடிவமும் புது வடிவமும் கலந்து கிடப்பது அசிங்கம், எல்லாவற்றையும் புதுசாக மாற்று" என்று சொல்லிவிட்டார். ஒரு ஸ்கிரிப்டை ஓட்டி ஒரே ராத்திரியில் மாற்றினார்கள். கம்பைல் ஆனது, ஓடியது. விடை மட்டும் மாறிவிட்டது. பழி அவள் தலையில்.

ஃபோர்ட்ரான் தெரியாத சொந்தங்களுக்குச் சொல்கிறேன். வங்கிப் படிவத்தில் கட்டத்துக்கு ஓர் எழுத்து என்று நிரப்புகிறோம் இல்லையா? பழைய ஃபோர்ட்ரான் அப்படித்தான். 80 கட்டம் உள்ள அட்டை. முதல் 5 கட்டம் வரி எண்ணுக்கு. 6-ஆவதில் ஏதாவது குறி இருந்தால் அது முந்தைய வரியின் தொடர்ச்சி. 7 முதல் 72 வரை கட்டளை. 73-க்கு மேல் எது இருந்தாலும் கம்பைலர் கண்டுகொள்ளாது. 1957-இல் ஃபோர்ட்ரான் வந்த ஐபிஎம் 704 இயந்திரம் ஓர் அட்டையில் 72 கட்டம்தான் படிக்கும். மீதி 8 கட்டத்தில் நாங்கள் அட்டைக்கு வரிசை எண் போடுவோம். அட்டைக்கட்டு கைதவறிக் கீழே விழுந்தவர்களுக்குத்தான் அந்த எண்ணின் அருமை தெரியும்!

ஃபோர்ட்ரான் 90 வந்தபோது கட்டம் போய்விட்டது. வெள்ளைத்தாளில் கடிதம் எழுதுவது போல எங்கும் தொடங்கலாம். வரிக்கு 132 எழுத்து. அடுத்த வரிக்குத் தொடர வேண்டுமானால் கடைசியில் & போட்டால் போதும்.

இப்போது மாணவி கதைக்கு வருகிறேன். இரண்டு நாள் உட்கார்ந்து பழைய விடையையும் புது விடையையும் வரிவரியாக ஒப்பிட்டிருக்கிறாள். என்றைக்கோ யாரோ டெர்மினலில் ஒரு நீளமான வரியைத் திருத்தியிருக்கிறார்கள். அதன் கடைசியில் 0.6125 என்று ஓர் எண். 0.61 சரியாக 72-ஆவது கட்டத்தில் முடிகிறது. 25 போய் 73, 74-இல் உட்கார்ந்துவிட்டது. கண்ணுக்கு 0.6125, கம்பைலருக்கு 0.61. ஸ்கிரிப்ட் கட்டத்தை நீக்கியதும் செத்துக் கிடந்த 25 உயிர்பெற்றுவிட்டது.

"அப்படியானால் ஸ்கிரிப்ட் நல்லதுதானே செய்தது சார்?" என்று கேட்பீர்கள். இல்லை. தப்பைக் கண்டுபிடித்தது அவள். ஸ்கிரிப்ட் செய்தது, யாருக்கும் சொல்லாமல் விடையை மாற்றியது. 0.61-ஐ வைத்துப் பல வருடம் வேறு அளவுகளைச் சரிசெய்து வந்திருந்தால்? எது சரி என்று துறை தெரிந்த பொறியாளர் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். இத்தனைக்கும் எச்சரிக்கைகளைத் திறந்துவிட்டு ஜிஃபோர்ட்ரானில் கம்பைல் செய்திருந்தால் அந்த வரியை அதுவே காட்டிக்கொடுத்திருக்கும்.

கலந்து கிடப்பது அசிங்கமாம்! மேட்லாப் போன்ற மென்பொருள்கள் சமன்பாடு தீர்க்க லாபேக் ரொட்டீன்களைத்தான் அழைக்கின்றன. அந்த லாபேக்கோடு வரும் பிளாஸ் கோப்புகளைத் திறந்து பாருங்கள். டிஆக்ஸ்பி கட்ட வடிவில் இருக்கிறது. டிநார்ம்2 புது வடிவில் இருக்கிறது. ஒரே ஃபோல்டரில் பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கின்றன. உலகமே அதை நம்புகிறது.

விதி ஒன்றுதான்: ஒரு கோப்புக்குள் இரண்டு வடிவத்தையும் குழப்பாதே. பழைய கோப்பு பழைய பெயர்நீட்சியோடு இருக்கட்டும், புதியது எஃப்90 என்று இருக்கட்டும். தனித்தனியாகக் கம்பைல் செய்து இணைத்துவிடு. இணைக்கும் கட்டத்தில் எது எந்த வடிவில் எழுதியது என்று யாரும் கேட்பதில்லை.

இரண்டு பக்கமும் இன்க்ளூட் செய்ய வேண்டிய பொதுக் கோப்பு இருந்தால்? அதற்கும் வழி உண்டு. கட்டளையை 7-க்கும் 72-க்கும் நடுவே எழுது. தொடர வேண்டிய வரியின் 73-ஆவது கட்டத்தில் ஒரு &, அடுத்த வரியின் 6-ஆவதில் ஒரு &. பழைய வடிவம் முதல் குறியைப் பார்க்காது, புது வடிவம் இரண்டையும் ஏற்கும். குறிப்புகளுக்கு முதல் கட்டத்தில் ஆச்சரியக்குறி போடு. பெயருக்குள்ளும் எண்ணுக்குள்ளும் இடைவெளி விடாதே. அவ்வளவுதான்.

பயப்பட வேண்டிய இடம் வேறு. புதுப் பகுதியிலிருந்து பழைய சப்ரொட்டீனை அழைக்கும்போது, அது ரியல் கேட்க நீ டபுள் பிரிசிஷன் கொடுத்தால், தனித்தனிக் கோப்பில் இருப்பதால் கம்பைலருக்குத் தெரியாமலே போகலாம். அதற்கு ஓர் இன்டர்ஃபேஸ் எழுதி வை. அந்த ராத்திரியை இதற்குச் செலவழித்திருக்கலாம்.

என் வயசுக்காரர்களையும் விட மாட்டேன். ஃபோர்ட்ரான் 95 தரமே கட்ட வடிவத்தை வழக்கொழிந்து வருவது என்று குறித்துவிட்டது. ஆனாலும் இன்றுவரை நீக்கவில்லை. பழையது ஓடட்டும் என்பதற்காகத்தான் அது. நாம் புதிதாக எழுதும்போதும் 7-ஆவது கட்டத்திலேயே தொடங்குவோம் என்று அடம்பிடிப்பதற்காக அல்ல. புதியதைப் புது வடிவில் எழுதுங்கள், இம்ப்ளிசிட் நன் போட்டு எழுதுங்கள்.

மாணவி அந்த வரியைப் படம் எடுத்து மேலாளருக்கு அனுப்பியிருக்கிறாள். இன்னும் பதில் இல்லை. என் மாணவர்களில் நிறையப் பேர் இன்று மேலாளர் நாற்காலியில் இருக்கிறீர்கள். உங்களைத்தான் கேட்கிறேன்: புரியாத கணக்கை அழகுபடுத்தச் சொல்லாதீர்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் பழைய விடைகளைப் பத்திரப்படுத்துங்கள். விடை மாறினால், அதைக் கண்டுபிடித்தவளைத் திட்டாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் ஃபோர்ட்ரான் வாத்தியார்