நர்சிங் ஹோமா... முதியோர் இல்லமா? அம்மாவைச் சேர்க்கும் முன் போட வேண்டிய கணக்கு!

கூடுவாஞ்சேரியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். 30 வருடங்களுக்கு முன் மனை வாங்கிப் போட்டு, ரிட்டயர்மென்ட் பணத்தில் கட்டிய வீடு. அப்பா இப்போது இல்லை. 78 வயது அம்மா மட்டும் இருக்கிறார். மகனுக்கு பெங்களூரில் வேலை, மகளுக்கு சோழிங்கநல்லூரில். ஒருநாள் காலை பாத்ரூமில் அம்மா வழுக்கி விழுகிறார். இடுப்பு எலும்பு முறிவு. ஆபரேஷன் நல்லபடியாக முடிகிறது. ஒரு வாரம் கழித்து டாக்டர் வந்து, ''நாளைக்கு டிஸ்சார்ஜ். ஆனா பழையபடி நடக்க சில மாசம் ஆகும். கூடவே ஒரு ஆள் இருக்கணும்'' என்கிறார்.

அந்த ஆள் யார் என்ற கேள்விக்கு அண்ணனிடமும் பதில் இல்லை, தங்கையிடமும் இல்லை. மருத்துவமனை வராந்தாவில் நின்றபடியே மொபைலில் தேட ஆரம்பிக்கிறார்கள். பல குடும்பங்களில் இந்த முடிவு ஒரே ராத்திரியில்தான் எடுக்கப்படுகிறது. அப்படி அவசரப்பட்டால் பணம் வீணாகலாம். சில சமயம் அம்மாவின் வீடேகூடக் கைமாறிவிடும்.

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

வெளிநாடுகளில் 'நர்சிங் ஹோம்' என்றால், நர்ஸ்களின் கவனிப்பில் முதியவர்கள் நிரந்தரமாகத் தங்கும் இடம். நம் ஊரில் அந்தப் பெயர் சின்ன தனியார் மருத்துவமனையைக் குறிக்கிறது. சிகிச்சை முடிந்ததும் அங்கிருந்து கிளம்பித்தான் ஆக வேண்டும்.

நமக்கு இருக்கும் வழிகளை நான்காகப் பிரிக்கலாம். முதலாவது, சாதாரண முதியோர் இல்லம். தானாக எழுந்து, குளித்து, சாப்பிடக்கூடியவர்களைத்தான் பெரும்பாலும் இங்கே சேர்த்துக்கொள்வார்கள். இரண்டாவது, 'அசிஸ்டட் லிவிங்' எனப்படும் பராமரிப்பு இல்லம். குளிப்பாட்டவும், டயப்பர் மாற்றவும், நேரத்துக்கு மாத்திரை கொடுக்கவும் ஆள் இருப்பார்கள். மூன்றாவது, வீட்டுக்கே வரும் ஹோம் நர்ஸ் அல்லது அட்டெண்டர். நான்காவது, நோய் முற்றியவர்களுக்கான வலி நிவாரணப் பராமரிப்பு.

எனவே, இல்லத்தைத் தேடும் முன் டாக்டரிடம் ஒரு பட்டியல் வாங்குங்கள். அம்மாவால் தானாகச் செய்ய முடிந்தவை எவை, எதற்கெல்லாம் ஆள் வேண்டும், டியூப் இருக்கிறதா, மறதி நோய் இருக்கிறதா, எத்தனை மாதத்தில் தேறுவார்? மூன்று மாதத்தில் நடக்கப்போகிறவருக்கு நிரந்தர இல்லம் தேவையில்லை. பிசியோதெரபியும் தற்காலிக உதவியும் போதும்.

மறதி, அடிக்கடி விழுவது, ஏகப்பட்ட மாத்திரைகள் என்று பல சிக்கல்கள் சேர்ந்திருந்தால் முதியோர் நல மருத்துவரைப் பார்ப்பது நல்லது. சென்னை கிண்டியில் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை 200 படுக்கைகள் கொண்டது. கூடுவாஞ்சேரியிலிருந்து மின்சார ரயிலில் நேராக கிண்டிக்குப் போய்விடலாம்.

காப்பீடு எதற்குக் கை கொடுக்கும்?

ஆபரேஷன் செலவுக்குக் காப்பீடு உதவும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆனால், இது போன்ற திட்டங்களும் தனியார் பாலிசிகளும் மருத்துவமனைச் சிகிச்சைக்காக ஏற்பட்டவை. குளிப்பாட்டி, சோறு ஊட்டி, புரட்டிப் படுக்கவைக்கும் மாதாந்தரப் பராமரிப்புக்கு அவற்றிலிருந்து பணம் வராது.

ஜப்பானில் 2000-ம் ஆண்டு ஏப்ரலில் இதற்கென்றே தனிக் காப்பீடு கொண்டுவந்தார்கள். 40 வயது முதல் எல்லோரும் பிரீமியம் கட்ட வேண்டும். பராமரிப்பு தேவைப்படும்போது பெரும்பாலானவர்கள் செலவில் 10 சதவிகிதம் மட்டும் கொடுத்தால் போதும். அப்படி ஒரு பொதுக் காப்பீடு நம் நாட்டில் இல்லை. அதனால் இந்தச் செலவு குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது.

ஓர் இல்லம் மாதம் 30,000 ரூபாய் கேட்கிறது என்றால், வருடத்துக்கு 3,60,000 ரூபாய். ஐந்து வருடத்துக்கு 18 லட்சம். டயப்பர், மருந்து, பிசியோதெரபி பெரும்பாலும் தனி. வீட்டில் ஆள் வைத்தாலும் ஒரு நாளைக்கு 1,000 ரூபாய் என்றால் அதே 30,000 ரூபாய்தான். ஏஜென்சி கமிஷனும் அந்த ஆளின் சாப்பாடும் சேரும்.

வரவுப் பக்கத்தையும் பார்ப்போம். அரசின் முதியோர் உதவித்தொகை, தகுதி உள்ளவர்களுக்கு மாதம் 1,200 ரூபாய். தபால் நிலையத்திலும் வங்கியிலும் உள்ள மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2 சதவிகித வட்டிக்கு 10 லட்சம் ரூபாய் போட்டால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,500 ரூபாய் வரும். மாதக் கணக்கில் சுமார் 6,800 ரூபாய். குடும்ப பென்ஷனையும் சேர்த்து, எவ்வளவு துண்டு விழுகிறது என்று எழுதிவையுங்கள். அதை மகனும் மகளும் எப்படிப் பிரித்துக்கொள்வது என்பதை முதல் மாதமே பேசிவிடுவது நல்லது. ஆறு மாதம் கழித்துப் பேசினால் சண்டையில்தான் முடியும்.

வீட்டை எழுதிக் கொடுக்கும் முன்...

''அம்மாவை நான் பார்த்துக்கிறேன், வீட்டை என் பேருக்கு எழுதிடுங்க'' என்ற பேச்சு எழுவதும் இந்த நேரத்தில்தான். அம்மாவுக்கு இருக்கும் ஒரே பெரிய சொத்து அந்த வீடு. வாடகைக்கு விட்டாலும் விற்றாலும் அவருடைய பராமரிப்புக்குப் பணம் தரக்கூடியது. 60 வயதுக்கு மேற்பட்டவர்கள், சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டை அடமானமாக வைத்து வங்கியிடம் மாதாமாதம் பணம் பெறும் 'ரிவர்ஸ் மார்ட்கேஜ்' வசதியும் உண்டு.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ன் 23-வது பிரிவு இங்கே முக்கியம். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் கைவிட்டால், அந்தப் பத்திரம் செல்லாது என்று அறிவிக்கும்படி தீர்ப்பாயத்தில் கேட்கலாம். நிபந்தனை இருந்தால்தான் இந்தப் பிரிவு பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் சொன்னது. இந்தச் சட்டத்தை முதியவர்களுக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில் சொன்னது. எப்படியிருந்தாலும், செட்டில்மென்ட் பத்திரத்தில் 'ஆயுள் முழுக்கப் பராமரிக்க வேண்டும்' என்ற வரி இருப்பதே அம்மாவுக்குப் பாதுகாப்பு. பத்திர எழுத்தரிடம் அந்த வரியைக் காட்டச் சொல்லிப் படித்த பிறகு கையெழுத்துப் போடட்டும்.

பிள்ளைகள் பணம் தர மறுத்தால், இதே சட்டத்தின்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். கூடுவாஞ்சேரி இருக்கும் வண்டலூர் வட்டத்துக்கு அது தாம்பரம் கோட்டாட்சியர் அலுவலகம். மகன், மகள் என்ற வித்தியாசம் சட்டத்தில் இல்லை. இருவருக்கும் பொறுப்பு உண்டு. ஆனால், சட்டம் வைத்திருக்கும் உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். எங்கே போவது என்று தெரியாதவர்கள், 14567 என்ற மூத்த குடிமக்கள் உதவி எண்ணில் கேட்கலாம்.

நேரில் போய்ப் பாருங்கள்

2018 பிப்ரவரியில் உத்திரமேரூர் பக்கம் பாலேஸ்வரத்தில், ஒரு கருணை இல்லத்துக்குச் சென்ற வேனில் இறந்தவர் ஒருவரின் உடலோடு உயிருள்ள மூதாட்டியும் இருந்தது தெரியவந்து, ஊரே கொதித்தது. அதன் பிறகு அதிகாரிகள் சோதனையிட்டு, அங்கிருந்த முதியவர்களை வேறு இல்லங்களுக்கு மாற்றினார்கள். இல்லத்துக்குப் பதிவு இருக்கிறதா, அது நடப்பில் உள்ளதா என்பதைச் செங்கல்பட்டு மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள்.

இல்லத்துக்குப் பகலில் ஒருமுறை, இரவுச் சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை, சொல்லாமல் போய்ப் பாருங்கள். ராத்திரியில் எத்தனை பேருக்கு ஓர் ஆள்? நர்ஸ் தங்குகிறாரா? படுத்த படுக்கையானவர்களை எத்தனை மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கிறார்கள்? உடம்பு முடியாமல் போனால் எந்த மருத்துவமனைக்கு, யார் செலவில்? அட்வான்ஸ் திரும்ப வருமா? வருடத்துக்கு எவ்வளவு கட்டணம் ஏறும்? பதில்கள் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும்.

தூரமும் முக்கியம். மாமல்லபுரம் பக்கம் கடற்காற்று வரும் இல்லம் போட்டோவில் அழகாக இருக்கலாம். ஆனால், தாம்பரம் – செங்கல்பட்டு ரயில் தடத்தை ஒட்டிய இல்லத்துக்கு, மகளால் வாரா வாரம் போக முடியும். பார்க்க ஆள் வந்துகொண்டே இருக்கும் முதியவரை யாரும் அலட்சியமாக நடத்தத் துணிய மாட்டார்கள்.

வீட்டிலேயே பார்த்துக்கொள்ள முடிவெடுத்தால், முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை, பிசியோதெரபி, வலி நிவாரணப் பராமரிப்பு ஆகியவை இலவசமாக வீட்டுக்கே வருகின்றன.

இத்தனை பேச்சிலும் ஒருவரிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்பதில்லை. டிஸ்சார்ஜுக்கு முந்தைய நாள், கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். இருக்கும் வழிகளையும் செலவையும் மறைக்காமல் சொல்லி, ''உனக்கு எங்கேம்மா இருக்கணும்?'' என்று கேளுங்கள். பணம் யாருடையதாக இருந்தாலும், அங்கே இருக்கப்போகிறவர் அவர்தான்.