டிஷ்ஷை மாற்றினால் படம் தெளியுமா?

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை, ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய் ஒன்றை முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நம்மவர்களுக்கு அந்த மார்க்கெட்டைப் பற்றி விஸ்தாரமாகச் சொல்ல வேண்டியதில்லை. தில்லி ஹாட்டுக்கு எதிரே, நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தின் பெயரைத் தாங்கி நிற்கும் அந்தச் சந்தையில் கறிவேப்பிலையும் வாழைப்பூவும் சேனைக்கிழங்கும் கிடைக்கும். அவற்றினும் மேலாக, தமிழ் பேசும் முகம் ஒன்றேனும் எதிர்ப்படும். அன்று எதிர்ப்பட்டவர் என் நெடுநாளைய நண்பர், சர்க்கார் உத்தியோகஸ்தர், அருகிலேயே குவார்ட்டர்ஸில் குடியிருப்பவர்.

"நல்ல வேளை, உங்களைக் கண்டேன். இங்கிருந்து நேரே லஜபத் ராய் மார்க்கெட்டுக்குப் போகிறேன். புது டிஷ், 4கே பெட்டி இரண்டையும் வாங்கிவிடுவதென்று முடிவு. உங்கள் அபிப்பிராயம் என்ன?" என்றார்.

"இப்போது இருக்கிற டிஷ்ஷுக்கு என்ன வந்தது?" என்று கேட்டேன்.

அவர் சொன்ன விவரம் இது. தீபாவளிக்குப் பழைய தொலைக்காட்சிப் பெட்டியைத் தள்ளிவிட்டு, 55 அங்குலத்தில் 'அல்ட்ரா எச்.டி.' பெட்டி ஒன்றை வாங்கி மாட்டியிருக்கிறார். அன்று முதல் அவருடைய தாயாருக்குப் படம் மங்கலாகத் தெரிகிறது. செய்திச் சானலின் அடியில் ஓடும் எழுத்துகளை அந்த அம்மையாரால் படிக்க இயலவில்லை. கணவர் காலமான பின் ஊரிலிருந்து வந்து மகனோடு இருப்பவர். மகனும் மருமகளும் ஆபீசுக்கும் பேரன் பள்ளிக்கும் சென்றுவிட்டால், மாலை வரையில் அவர் காதில் விழும் தமிழ் அந்தப் பெட்டியின் தமிழ் ஒன்றுதான். "எனக்குக் கண் போய்விட்டது" என்று அவர் தமக்குள்ளேயே தீர்மானம் செய்துகொண்டார். கண் டாக்டரோ, மூக்குக்கண்ணாடியை மாற்றவேண்டிய அவசியம்கூட இல்லை என்று சொல்லிவிட்டார். பிறகு கடைக்காரர் ஒருவரிடம் விசாரித்ததில், "டிஷ் பழையது, அதோடு 4கே பெட்டியும் போட்டால்தான் படம் தெளியும்" என்று பல ஆயிரத்துக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

இந்தச் சங்கடம் என் நண்பர் ஒருவருடையது மாத்திரம் அன்று. நம் குடும்பங்கள் பலவற்றில் இதே யோசனை நடைபெற்று வருவதை அறிவேன். ஆகவே, இம்மாதம் இதனைப் பற்றியே எழுதலாம் என்று உத்தேசம்.

முதலில் டிஷ்ஷின் மீது சுமத்தப்படும் குற்றத்தை விசாரிப்போம். படம் சரியில்லை என்றால் உடனே ஆண்டெனாவைச் சந்தேகிப்பது நம் தலைமுறையின் பழக்கம். இந்நாட்டின் தொலைக்காட்சி 1959ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் தேதி இதே தில்லி நகரில்தான் தொடங்கிற்று. 1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டிகளையொட்டி வண்ணம் பெற்றது. எண்பதுகளில் தூர்தர்ஷனில் ஞாயிறு பிற்பகல் மாநில மொழிப் படம் ஒன்று போடுவார்கள். தமிழுக்கு முறை வரும் ஞாயிறு நம் வீடுகளில் பண்டிகைதான். அன்று மொட்டை மாடியில் மீன்முள் போன்ற ஆண்டெனாவைத் திருப்பிக்கொண்டு ஒருவர், படிக்கட்டில் ஒருவர், கூடத்தில் ஒருவர் என்று நின்று, "இப்போது தெரிகிறதா?" என்று கூவியது வாசகர் பலருக்கும் நினைவிருக்கும். அக்காலத்து அலைகளில் வலிமை குறைந்தால் படத்தில் பனி பெய்யும்; நிழல் விழும்; வலிமை கூடக் கூடப் படம் தெளியும். அப்போது ஆண்டெனாவைக் குறை கூறியது நியாயமே.

இன்று செயற்கைக்கோள் அனுப்புவது படமன்று. படத்தை எண்களாக மாற்றிய கணக்கு. எண்கள் சரியாக வந்து சேர்ந்தால் அனுப்பிய படம் அப்படியே கிடைக்கும். சேராவிட்டால் படம் சதுரம் சதுரமாகச் சிதறும், உறைந்து நிற்கும், அல்லது அடியோடு மறைந்துபோகும். மழைக்காலத்தில் இதனை எல்லோரும் கண்டிருப்போம். டிஷ்ஷில் கோளாறு இருந்தால் காணும் குறி அதுதான். படம் விடாமல் வருகிறது, ஆனால் மங்கலாக இருக்கிறது என்றால், அந்தப் பழி டிஷ்ஷைச் சேராது. அதன் விட்டத்தைப் பெரிதாக்கினாலும் படம் ஒரு நூலளவும் கூர்மை பெறாது. பெரிய கூடையைத் தூக்கிக்கொண்டு ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போவதால் முற்றிய முருங்கைக்காய் பிஞ்சாகிவிடுமா?

அப்படியானால் மங்கல் எங்கிருந்து வருகிறது? சிறிது எண்ணிப் பார்ப்போம். தொலைக்காட்சிப் படம் என்பது புள்ளிகளால் இட்ட கோலம். சாதாரணத் தரத்தில் வரும் சானலில் அதிகபட்சம் 720க்கு 576, அதாவது 4,14,720 புள்ளிகள். எச்.டி. எனப்படுவதில் 1920க்கு 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். 4கே அல்லது அல்ட்ரா எச்.டி. பெட்டியின் திரையில் 3840க்கு 2160, அதாவது 82,94,400 புள்ளிகள். கடைசி எண்ணை முதல் எண்ணால் வகுத்துப் பாருங்கள்; மிச்சமின்றி 20 வரும். சாதாரணச் சானலை 4கே திரையில் போட்டால், 20 புள்ளிகளில் ஒன்றுதான் வானத்திலிருந்து வந்தது. மற்றப் பத்தொன்பதும் பெட்டி தானாக ஊகித்து நிரப்பியவை. சிறிய திரையில் நெருங்கி நின்று குறையை மறைத்த புள்ளிகளைப் பெரிய திரையில் இழுத்து விரித்தால், முகம் எப்படியோ தப்பிக்கும். எழுத்துதான் முதலில் குழம்பும். அந்த அம்மையாரின் கண்ணுக்கு நேர்ந்த விபத்து இதுதான்.

"சரி, 4கே பெட்டியை வாங்கிவிட்டால் எண்பத்திரண்டு லட்சம் புள்ளிகளும் வந்துவிடுமே?" என்று கேட்கலாம். அனுப்புகிறவர் அனுப்பினால் அல்லவா வரும்? 2015ஆம் ஆண்டில், அந்நாளில் டாட்டா ஸ்கை என்ற பெயரில் இருந்த நிறுவனமும் வீடியோகான் டி2எச் நிறுவனமும் 4கே பெட்டிகளை இந்நாட்டில் அறிமுகம் செய்தன. அவ்வாண்டின் உலகக் கோப்பைக் கிரிக்கெட்டில் சில ஆட்டங்கள் அத்தரத்தில் ஒளிபரப்பாயின. ஆனால் தொடக்கத்தில் கண்ட ஆரவாரத்துக்கு ஏற்பச் சானல்கள் பெருகவில்லை. நம் தமிழ்ச் சானல்களோ செயற்கைக்கோள் வழியே இரண்டு தரங்களில்தான் வருகின்றன: சாதாரணம் ஒன்று, எச்.டி. மற்றொன்று. 1993ஆம் ஆண்டு தமிழ்ப் புத்தாண்டன்று தொடங்கிய சன் டி.வி.க்கு எச்.டி. சானல் வந்தது 2011இல். அதற்கு மேற்பட்ட தரத்தில் நெடுந்தொடரோ செய்தியோ டிஷ்ஷின் வழியே நம் வீட்டுக்கு வருவதில்லை. வராத விருந்தாளிக்கு இலை போட்டு வைப்பதில் பிரயோஜனம் என்ன?

ஜப்பானின் கதை வேறு. அங்கே என்.எச்.கே. நிறுவனம் 2018ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி முதல் 4கே, 8கே சானல்களைச் செயற்கைக்கோள் வழியே ஒழுங்காக ஒளிபரப்பி வருகிறது. அவற்றுள் சிலவற்றை அந்நாட்டார் பழைய டிஷ்ஷிலேயே பெற்றனர். வேறு வகை அலையில் வந்த சிலவற்றுக்காக டிஷ்ஷையும் மாற்றினர். அனுப்புகிறவர் முந்திக்கொண்டார்; வாங்குகிறவர் பின்தொடர்ந்தார். முறை அதுதான். நம்மிடம் வாங்குகிறவர் முந்திக்கொண்டு, அனுப்புகிறவருக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்.

கண்ணின் கணக்கு ஒன்றும் உண்டு. நல்ல பார்வை உடையவருக்கும், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குக்குக் குறைந்த கோணத்தில் அமைந்த இரு புள்ளிகள் ஒன்றாகவே தெரியும். இதன்படி பார்த்தால், 43 அங்குலத் திரையில் வரும் எச்.டி. படத்தின் புள்ளிகள் சுமார் ஐந்தரை அடிக்கு அப்பால் கண்ணுக்கு ஒன்றாகிவிடும்; 55 அங்குலத் திரையில் சுமார் ஏழு அடிக்கு அப்பால். அதற்கு மேல் தள்ளி உட்கார்ந்தால், அல்ட்ரா எச்.டி. கூடுதலாகத் தரும் புள்ளிகளைக் கண் பிரித்து அறியாது. உங்கள் கூடத்தில் சோபா சுவரிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை ஒரு நாடாவால் அளந்து பாருங்கள். எச்.டி.ஆர். என்னும் முறையில் வரும் ஒளி நிறச் செழுமை தூரத்திலிருந்தும் தெரியும் என்பது வாஸ்தவம்; எனினும் அதையும் அனுப்புகிறவர்தான் அனுப்ப வேண்டும்.

பழைய நிகழ்ச்சிகளை விரும்புவோர் மற்றொன்றையும் அறிதல் நலம். 1964இல் வெளிவந்த 'கர்ணன்' 2012இல் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திரைக்கு வந்து, இளைஞரும் பார்த்து மகிழ்ந்ததை நாம் அறிவோம். 35 மில்லிமீட்டர் பிலிமில் நுட்பம் நிறைய அடங்கியிருப்பதால், நல்ல பிரதி கிடைக்குமாயின் அத்தகைய படத்தை உயர்ந்த தரத்துக்கு மாற்ற இயலும். ஆனால் எண்பது, தொண்ணூறுகளில் வீடியோ நாடாவில் பதிந்த தொடர்களில் உள்ளதெல்லாம் அந்நாளைய சாதாரணத் தரமே. எந்தப் பெட்டியும் அதில் இல்லாததைக் கொண்டுவந்து சேர்க்காது.

இத்தனையும் சொன்னதால், 4கே என்பதே வீண் என்று கொள்ளலாகாது. அது நம் வீட்டுக்கு வரும் வாசல் வேறு என்பதே என் கருத்து. 2022ஆம் ஆண்டின் உலகக் கோப்பைக் கால்பந்தும் 2023ஆம் ஆண்டின் ஐ.பி.எல். ஆட்டங்களும் இணையத்தின் வழியே 4கே தரத்தில் இந்நாட்டில் காணக் கிடைத்தன. நெட்பிளிக்ஸ் போன்றவையும் உயர்ந்த சந்தாவுக்கு அத்தரத்தில் படம் தருகின்றன. இதற்கு வினாடிக்கு 15 மெகாபிட் வேகமாவது வேண்டும். மணிக்கு 7 ஜிகாபைட் வரை செலவாகும். நல்ல பிராட்பேண்ட் இணைப்பு இருந்து, இப்போதைய 4கே தொலைக்காட்சிப் பெட்டியும் இருந்தால், அதிலேயே இவற்றைப் பார்க்கும் வசதி பெரும்பாலும் அமைந்திருக்கிறது. அதற்காக மாடியில் இருக்கும் டிஷ்ஷைத் தொட வேண்டியதே இல்லை.

ஆகவே செலவுக்கு முன் செய்யத் தக்கவை இவை. செட்டாப் பெட்டி சாதாரணமா, எச்.டி.யா என்று பாருங்கள். சாதாரணமாயின், உங்கள் நிறுவனத்திடமே கேட்டு எச்.டி. பெட்டியாக மாற்றிக்கொள்ளுங்கள், பெரும்பாலும் பழைய டிஷ்ஷே போதும். பெட்டியையும் தொலைக்காட்சியையும் இணைப்பது மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட பழைய வயரா, எச்.டி.எம்.ஐ. வயரா என்று கவனியுங்கள். மஞ்சள் முனையின் வழியே எச்.டி. படம் ஒருகாலும் வராது. எச்.டி. பெட்டி இருந்தும் சாதாரணச் சானலின் எண்ணையே அழுத்திக்கொண்டிருப்போர் அநேகர், எச்.டி. சானலுக்குத் தனி எண், தனிச் சந்தா. அதன் கட்டணம் கூடுதலாதலால், வீட்டில் மெய்யாகப் பார்க்கும் இரண்டு மூன்று சானல்களுக்கு மாத்திரம் அதை வாங்கினால் போதும். புது அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு மாறுவோர் மற்றொன்றும் கவனிக்க வேண்டும். தில்லியிலிருந்து பார்க்க, நம் செயற்கைக்கோள்கள் தென்வானில் சற்றே கிழக்கே சாய்ந்து நிற்கின்றன. வடக்கு நோக்கிய பால்கனியில் எந்த விலை கொடுத்து வாங்கிய டிஷ்ஷும் பயன்படாது. தலைநகரின் மாடிகளில் உள்ள டிஷ்கள் யாவும், நம்மைப் போலவே, தெற்கே பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன!

நண்பர் அன்று லஜபத் ராய் மார்க்கெட்டுக்குப் போகவில்லை. முருங்கைக்காயுடன் இருவரும் அவர் வீட்டுக்குச் சென்றோம். தொலைக்காட்சிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால், நான் எதிர்பார்த்ததுதான்: பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய சாதாரண செட்டாப் பெட்டி, அதிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர். எண்பத்திரண்டு லட்சம் புள்ளிகள் கொண்ட திரைக்கு அந்த மஞ்சள் முனைதான் ஒரே வாசல். நண்பர் தம் நிறுவனத்துக்குப் போன் செய்து எச்.டி. பெட்டிக்கு ஏற்பாடு செய்தார். கடைக்காரர் போட்டுக் கொடுத்த கணக்கில் சிறு பகுதிதான் செலவாயிற்று. டிஷ் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

சென்ற வாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மையார் செய்திச் சானலின் அடியில் ஓடிய வரியை உரக்கப் படித்துக் காட்டிவிட்டு, "என் கண்ணுக்கு ஒன்றும் இல்லையப்பா" என்றார். பிறகு நெடுந்தொடர் தொடங்கிற்று. சிறிது நேரம் உற்றுப் பார்த்தவர், "இந்தப் பெண்கள் முகத்தில் இத்தனை மாவையா அப்பிக்கொள்கிறார்கள்! இத்தனை நாள் தெரியாமல் இருந்ததே" என்று சொல்லிச் சிரித்தார். எச்.டி.யிலேயே இவ்வளவு தெரிகிறது. 4கே வந்தால் அம்மா என்ன சொல்வாளோ என்றார் நண்பர்.