கேட்க வந்தவர் எங்கே படுப்பார்?

போலந்தின் க்ராக்கோவ் நகரில் 2003 முதல் நடந்துவரும் ‘அன்சவுண்ட்’ சோதனை இசை விழாவின் நள்ளிரவு நிகழ்ச்சிகள் பல, ஹோட்டல் ஃபோரத்தில் நடந்திருக்கின்றன. கம்யூனிஸ்ட் ஆட்சியின் கடைசிக் காலத்தில் விஸ்துலா ஆற்றங்கரையில் திறக்கப்பட்டு, 2002இல் இழுத்து மூடப்பட்ட பிரம்மாண்டமான கட்டடம் அது. கீழ்த்தளத்தில் விடிய விடிய இசை ஒலிக்கும். மேலே இருக்கும் அறைகளில் ஒருவரும் தலைசாய்க்க முடியாது. கையில் காசு குறைவாக உள்ளவர்கள் நிகழ்ச்சி முடிந்ததும் டார்மிட்டரிகளைத் தேடித்தான் நடக்க வேண்டும். எட்டுப் பேரோ பத்துப் பேரோ ஓர் அறையில், அடுக்குக் கட்டிலில் படுக்க வேண்டும். விழாவைப் பற்றிய விமர்சனங்களில் ஒலிபெருக்கி உண்டு, கட்டடக்கலை உண்டு. இந்தக் கட்டில் மட்டும் வருவதில்லை. ஆனால் என்ன இசை மேடையேறும் என்பதைத் தீர்மானிப்பதில் அதற்கும் பங்கு இருக்கிறது என்பதே நம் வாதம்.

சோதனை இசையின் ரசிகர்கள் எந்த ஒரு நகரத்திலும் அரங்கு நிறையுமளவுக்கு இருப்பதில்லை. அங்கே நாற்பது பேர், இங்கே பதினைந்து பேர் என்று கண்டம் முழுக்கச் சிதறிக் கிடக்கிறார்கள். (சில நூறு பிரதிகள் அச்சடித்து, அதைப் பத்து மாவட்டங்களுக்குத் தபாலில் அனுப்பும் சிற்றிதழ்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) ஆகவே இந்த விழாக்கள் வெளியூர்க்காரர்களை நம்பியே நிற்கின்றன. வெளியூர்க்காரருக்கு நுழைவுச்சீட்டு, பயணம், படுக்கை என்று மூன்று செலவுகள். முதலாவதைப் பொதுப்பணம் ஓரளவு குறைத்துவிடுகிறது. மூன்றாவது சந்தையின் கையில். விழா நாட்களில் அறைவாடகை ஏறுவதற்குக் காரணமே அந்த விழாதான் என்பது இதில் உள்ள வேடிக்கை. நாலு இரவுக்குப் பெருந்தொகை கட்டி வந்தவர் ஏமாற விரும்பமாட்டார். தெரிந்த பெயர்களைக் கேட்பார். தெரிந்த பெயர்களைக் கேட்பவர்கள் பெருகினால், நிகழ்ச்சி அமைப்பாளரும் அவற்றையே தருவார். 2015இல் அன்சவுண்ட் தன் கலைஞர் பட்டியலில் ஒரு பகுதியை முன்கூட்டி அறிவிக்காமலே விழா நடத்தியது. யார் வாசிப்பார் என்று தெரியாமல் ரயிலேறும் துணிவு, இழப்பதற்கு அதிகம் வைக்காதவருக்கே எளிதாக வரும். படுக்கை மலிவாக இருந்தால் அந்தத் துணிவும் மலிவாகக் கிடைக்கும்.

வரலாறும் இதையே சொல்கிறது. 1944 செப்டம்பரில் ஓர் இரவுக் குண்டுவீச்சில் டார்ம்ஸ்டாட் நகரின் மையம் அழிந்தது. இரண்டே ஆண்டுகளில், 1946இல், வொல்ஃப்கங் ஷ்டைனெக்கே அங்கே புதிய இசைக்கான கோடைப் பயிற்சி முகாமைத் தொடங்கினார். இடிபாடாகக் கிடந்த ஊரில் அதற்குக் கிடைத்த இடம், ஊருக்கு வெளியே இருந்த கிரானிக்ஸ்டைன் வேட்டை மாளிகை. ஹோட்டலில் தங்கி வந்துபோகும் பார்வையாளர்களை நம்பி அந்த ஊரில் எதையும் தொடங்கியிருக்க முடியாது. இளம் இசைக்கலைஞர்கள் சேர்ந்து தங்கி, சேர்ந்து சாப்பிட்டு, சேர்ந்து சண்டை போடும் முகாமாகவே அது வளர்ந்தது. 1951இல் அங்கே போனவர்களில் ஒருவர், மந்திரவாதி ஒருவரின் மேடைக்காட்சிக்குப் பியானோ வாசித்துச் சம்பாதித்துக்கொண்டிருந்த 22 வயது மாணவர், பின்னாளில் பெயர்பெற்ற இசையமைப்பாளரான கார்ல்ஹைன்ஸ் ஸ்டாக்ஹவுசன். பெல்ஜியத்தைச் சேர்ந்த கரெல் கோய்வார்ட்ஸை அவர் சந்தித்தது அங்கேதான். கோய்வார்ட்ஸ் எழுதிய இரண்டு பியானோக்களுக்கான சொனாட்டாவின் ஒரு பகுதியை இருவரும் தத்துவவாதி அடோர்னோவின் வகுப்பில் வாசித்தார்கள். அடோர்னோவுக்கு அது பிடிபடவில்லை. ஸ்டாக்ஹவுசனோ அதே ஆண்டில் ‘கிராய்ட்ஸ்ஷ்பீல்’ என்ற படைப்பை எழுதினார். மறு ஆண்டு அது டார்ம்ஸ்டாட்டிலேயே அரங்கேறியது. மாலைக் கச்சேரியை மட்டும் கேட்டுவிட்டு அறைக்குத் திரும்பும் ஏற்பாட்டில் இப்படி ஒரு கூட்டாளியைக் கண்டடைவது கடினம்.

இதற்கு மறுமுனையில் டோனாவெஷிங்கென் இருக்கிறது. பிளாக் ஃபாரஸ்ட்டை ஒட்டி, இருபதாயிரத்துக்குச் சற்று அதிகமானோர் வாழும் சிற்றூர். 1921இல் ஃபியூர்ஸ்டன்பெர்க் அரச குடும்பத்தின் ஆதரவில் தொடங்கிய விழா, 1950 முதல் வானொலி நிறுவனத்தின் பணத்தில் நிலைபெற்றது. ஜெர்மனியில் ஒவ்வொரு குடியிருப்பும் மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம் செலுத்துகிறது. புதிய படைப்புகளை எழுதச் சொல்லிப் பணம் தரும் வானொலிக்கு வருமானம் பெரும்பாலும் அதிலிருந்துதான். ஆனால் அக்டோபரின் ஒரே வாரக்கடைசியில் இசையுலகம் மொத்தமும் அந்தச் சிற்றூரில் குவியும்போது, அறைகள் முதலில் கிடைப்பது அலுவலகச் செலவில் வரும் விமர்சகர், பதிப்பாளர், கல்லூரி ஆசிரியர் ஆகியோருக்கே. கட்டணம் கட்டுகிறவர் அங்கே போக முடியாமற்போவது, மானியத்தின் பாதி வேலை நடக்கவில்லை என்பதற்கு அத்தாட்சி.

அதுதான் வானொலியில் வருகிறதே, வீட்டிலிருந்தே கேட்கலாமே என்பார்கள். பல படைப்புகளுக்கு இந்த வாதம் பொருந்தும், மறுக்கவில்லை. ஆனால் ஸ்டாக்ஹவுசனின் ‘க்ரூப்பன்’, மூன்று இசைக்குழுக்கள் கேட்பவரை மூன்று பக்கமும் சூழ்ந்து வாசிக்க எழுதப்பட்டது. மேரியன் அமேக்கரின் படைப்புகளில் சில ஒலிகள் ஒலிபெருக்கியிலிருந்து வருவதில்லை. கேட்பவரின் உட்காதே அவற்றை உண்டாக்குகிறது. அதற்குத் தேவைப்படும் ஒலியளவு கைப்பேசியில் கிடைக்காது. 2013இல் அன்சவுண்ட் விழாக்குழு படமெடுப்பதையும் காணொளி பதிவதையும் தவிர்க்கும்படி பார்வையாளர்களைக் கேட்டுக்கொண்டது. நேரில் இருப்பதே இசையின் ஒரு பகுதி என்று சொல்லும் கலை, நேரில் வருவதற்கான செலவைத் தன் கவலையல்ல என்று ஒதுக்குவது நேர்மையாகாது.

மலிவு விடுதிகள் ஊரைக் கெடுக்கின்றன என்ற எதிர்ப்பு இதைவிட வலுவானது. க்ராக்கோவின் பழைய நகரவாசிகள் குடிகாரப் பயணிகளால் பட்டபாடு கொஞ்சமல்ல. ஆனால் குடும்பம் வாழ்ந்த வீட்டை நாள்வாடகைக்கு விடுவதற்கும், ஒரே அறையில் பத்துப் பேரைப் படுக்கவைப்பதற்கும் வித்தியாசம் உண்டு. முன்னது இரண்டு பயணிகளுக்காக ஒரு வீட்டை ஊரிலிருந்து எடுத்துவிடுகிறது. பின்னது குறைந்த இடத்தில் அதிகம் பேரை அடக்குகிறது. இன்னொரு குறையை ஒத்துக்கொண்டே ஆக வேண்டும். அடுக்குக் கட்டில் இளைஞருக்குத் தோதானது. மூட்டுவலிக்காரருக்கும், தனியாக வரும் பெண்கள் பலருக்கும், குறட்டைச் சத்தத்தில் கண்மூட முடியாதவருக்கும் அது தண்டனை. ஆறு மணிநேரம் நீளும் மார்ட்டன் ஃபெல்ட்மனின் இரண்டாம் நால்வர் இசையைத் தூங்காத கண்களோடு கேட்டுப் பயனில்லை. ஆகவே டார்மிட்டரியைப் புனிதப்படுத்த வேண்டாம். வறுமையில்தான் கலை ருசிக்கும் என்பது வயிறு நிறைந்தவர்களின் கற்பனை.

வேண்டியது, படுக்கையையும் விழாவின் பொறுப்பாகக் கருதுவது. ஜெர்மனியின் மோர்ஸ் நகரில் 1972இல் தொடங்கிய ஜாஸ் விழாவுக்கு வந்தவர்கள் பூங்காவில் கூடாரமடித்துத் தங்கினார்கள். அந்தக் கூடாரக்கூட்டம் விழாவின் அடையாளமாகவே ஆனது. அதே நாட்டில் புரொட்டஸ்டன்ட் திருச்சபை மாநாடான ‘கிர்ஷன்டாக்’ நடக்கும்போது, பள்ளி வகுப்பறைகளில் பாய் விரித்தும், ஊர்க்காரர்களின் வீடுகளிலும் ஆயிரக்கணக்கானோர் தங்க ஏற்பாடு செய்கிறார்கள். பக்தர்களுக்குச் செய்ய முடிந்ததைச் சில நூறு ரசிகர்களுக்குச் செய்ய முடியாதா? மானியக் கோரிக்கையில் ஒலிப்பொறியாளர் சம்பளம், பியானோ வாடகை, கலைஞரின் ஹோட்டல் செலவு என்று வரிவரியாக எழுதுகிறார்கள். அதற்குக் கீழே, பார்வையாளருக்கு இத்தனை மலிவுப் படுக்கைகள், அவற்றில் இத்தனை பெண்களுக்கு, இத்தனை கீழ்க்கட்டில் முதியவர்களுக்கு என்று இன்னொரு வரியையும் விழாக்குழுக்கள் சேர்க்கட்டும். அந்த வரி இல்லாத கோரிக்கையைப் பணம் கொடுப்பவர்கள் திருப்பி அனுப்பட்டும்.