எண்ணெயை யார் வாங்கிக் கொடுத்தார்கள்?

முதுமையில் நலமாக வாழ மத்தியதரைக்கடல் உணவுமுறைக்கு மாறுங்கள் என்று மருத்துவப் பக்கங்கள் ஓயாமல் எழுதுகின்றன. ஆலிவ் எண்ணெய், பயறு, காய்கறி, மீன், குறைவாக இறைச்சி. நல்ல உணவுதான், அதில் சண்டை இல்லை. யாருக்கு, யார் செலவில் என்பதுதான் கேள்வி.

பெரிய சான்றாகக் காட்டப்படுவது ஸ்பெயினின் 'பிரெடிமெட்' ஆய்வு. இதயநோய் ஆபத்துள்ள, 55 முதல் 80 வயது வரையிலான சுமார் 7,400 பேர் அதில் இருந்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை சுமார் 30 சதவீதம் குறைந்தன என்றது 2013இல் வெளிவந்த முடிவு. குழு பிரித்ததில் இருந்த குறைகளால் 2018இல் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. மறுகணக்கிட்டு வெளியிட்டபோதும் முடிவு ஏறத்தாழ அதேதான். ஆனால் செய்திகளில் பெரும்பாலும் விடுபடும் ஒரு விவரம் உண்டு. ஒரு குழுவுக்கு வாரம் ஒரு லிட்டர் உயர்தர ஆலிவ் எண்ணெயும், இன்னொரு குழுவுக்குப் பாதாம், அக்ரூட் போன்றவையும் இலவசமாகக் கொடுத்தார்கள். அங்கே அறிவுரை வெறுங்கையோடு போகவில்லை.

வாங்கிச் சாப்பிட வேண்டியவர்கள் கதை என்ன? இத்தாலியின் மோலிசே பகுதியில் சுமார் 19,000 பேரைத் தொடர்ந்து கவனித்த 'மோலி-சானி' ஆய்வு 2017இல் ஒரு கசப்பான முடிவைச் சொன்னது. இந்த உணவுமுறையைக் கடைப்பிடித்ததற்கான இதயப் பாதுகாப்பு அதிகம் படித்தவர்களிடமும் வசதியானவர்களிடமும்தான் தெரிந்தது. மதிப்பெண் ஒன்றாக இருந்தாலும் தட்டு ஒன்றல்ல. வசதியானவர்கள் தட்டில் பலவகைக் காய்கறிகளும் முழுத்தானியமும் அதிகம் இருந்தன.

இதே தட்டு தொடக்கத்தில் ஏழைகளுடையது. 1948இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் குழு கிரீட் தீவு மக்களிடம் கேட்டபோது, பலரும் அதிகம் விரும்பிய உணவு இறைச்சி. தட்டில் அது குறைந்திருந்ததற்குக் காரணம் கொள்கை அல்ல, வறுமை. பிறகு ஆன்செல் கீஸின் 'ஏழு நாடுகள் ஆய்வு' அந்தத் தட்டை உலகப் புகழாக்கியது. 2010இல் யுனெஸ்கோ அதைப் பண்பாட்டு மரபு என்று பட்டியலிட்டது. புகழ் உணவுக்குப் போனது. அதை உண்டவர்களின் பசி கதையிலிருந்து நழுவிவிட்டது.

தோழர்களே, முதியோர் நலம் பற்றிய எந்த ஆய்வைப் படித்தாலும் அதில் உணவுக்குக் காசு கொடுத்தது யார் என்று தேடுங்கள். முதியவரின் உடல்நலத்தை அவருடைய மனக்கட்டுப்பாட்டின் கணக்கில் மட்டும் எழுதுவது, ஓய்வூதியத்தையும் விலைவாசியையும் பேசாமல் தப்பிக்கும் வழி. ஆய்வுக்காக இலவசமாகக் கொடுக்க முடிந்த எண்ணெயை, தேவைப்படும் முதியவருக்கு அரசு ஏன் கொடுக்கக் கூடாது?